ஒரே ஸ்கிரிப்ட், மூன்று இயங்குதளம்: ஷெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டிய மென்பொருளை எழுதும் குழுவில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சாட்டில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. கமாண்ட் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

டெர்மினல், ஷெல், கன்சோல், கமாண்ட் ப்ராம்ப்ட்… எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. டெர்மினல் என்பது எழுத்துகளைத் திரையில் வரைகிற, நீங்கள் தட்டுவதை உள்ளே அனுப்புகிற ஒரு விண்டோ, அவ்வளவுதான். நிறம், ஃபான்ட், ஸ்க்ரோல், காப்பி-பேஸ்ட் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள் ஓடும் தனி நிரல்தான் ஷெல். நீங்கள் தட்டிய வரியைப் படித்து, துண்டுகளாகப் பிரித்து, எந்த நிரலை எந்த ஆர்க்யுமென்ட்டுகளோடு கிளப்புவது என்று முடிவு செய்வது அதுதான். விண்டோஸ் டெர்மினல், நோம் டெர்மினல், ஐடெர்ம் முதல் வகை. பேஷ், இசட்ஷெல், ஃபிஷ், பவர்ஷெல், சிஎம்டி இரண்டாம் வகை. விண்டோஸ் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்தால் கன்சோல் விண்டோவும் அதற்குள் சிஎம்டியும் சேர்ந்தே வருவதால்தான் இந்தக் குழப்பம்.

எழுத்து உடைந்து தெரிந்தால் டெர்மினலைப் பாருங்கள். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" வந்தால் ஷெல்லைப் பாருங்கள். கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வரியை எந்த ஷெல் படிக்கிறது?

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேஷ், இசட்ஷெல் வகையில் எக்கோ போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு $0 என்று தட்டுங்கள், பெயரைச் சொல்லிவிடும். 'ஷெல்' என்ற பெயரிலேயே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். அது உங்கள் கணக்கில் பதிவான லாகின் ஷெல்லைச் சொல்லும், இப்போது ஓடிக்கொண்டிருப்பதை அல்ல. விண்டோஸில் டாலர் குறி போட்டு பிஎஸ்வெர்ஷன்டேபிள் என்று தட்டுங்கள். அட்டவணை ஒன்று வந்தால் பவர்ஷெல், எந்தப் பதிப்பு என்பதும் அதிலேயே இருக்கும். "அப்படி ஒரு கமாண்டே இல்லை" என்று திட்டினால் சிஎம்டி.

ஷெல் ஓஎஸ்ஸோட ஒரு பகுதி இல்லையா? அப்புறம் ஏன் இத்தனை ஷெல்?

யூனிக்ஸில் ஆரம்பம் முதலே ஷெல் ஒரு சாதாரண நிரல்தான், ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்குள் அதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அதனால் பிடிக்காதவர்கள் எல்லாம் சொந்தமாக ஒன்று எழுதினார்கள். 1971இல் கென் தாம்ப்சன் எழுதியது முதலாவது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு ஸ்டீஃபன் போர்னின் ஷெல் வந்தது. இஃப் என்று திறந்து அதையே திருப்பிப் போட்டு 'ஃபை' என்று மூடுகிறோமே, அது அல்கால் 68 மொழியில் ஊறியவரான அவர் செய்த வேலை. பெர்க்லியில் பில் ஜாய் சி-ஷெல் எழுதினார், பெல் லேப்ஸில் டேவிட் கார்ன் கார்ன்ஷெல் எழுதினார். 1989இல் க்னு என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் பேஷ், 1990இல் பால் ஃபால்ஸ்டாட் இசட்ஷெல், 2005இல் ஃபிஷ் என்று வரிசை நீண்டது. 1992இல் பாசிக்ஸ் தரநிலை வந்து, போர்ன் வழிவந்த ஷெல்களுக்குப் பொதுவான ஒரு அடித்தளத்தை எழுதிவைத்தது.

விண்டோஸ் குடும்பம் வேறு. டாஸின் கமாண்ட்.காம், அதன் வழியில் விண்டோஸ் என்டியில் சிஎம்டி, பிறகு 2006இல் பவர்ஷெல். இரண்டு குடும்பங்களுக்கும் பெயரளவில் சில கமாண்டுகள் ஒத்துப்போகும், உள்ளே ஒத்துப்போகாது.

எந்த ஷெல் நல்லது? எதைக் கத்துக்கிட்டா போதும்?

தினமும் கையால் தட்டுவதற்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஷ் எதையும் அமைக்காமலேயே பரிந்துரைகளைக் காட்டும், எனக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்தவர் கணினியிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்டை ஃபிஷில் எழுதாதீர்கள், அது பாசிக்ஸ் இலக்கணத்தைப் பின்பற்றுவதில்லை. ஸ்கிரிப்ட்டுக்கு லினக்ஸ், மேக் பக்கம் பாசிக்ஸ் ஷெல் அல்லது பேஷ், விண்டோஸ் பக்கம் பவர்ஷெல் 7. சிஎம்டியை எழுதக் கற்க வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும்.

மேக்ல பேஷ் ஏன் இவ்வளவு பழசு? ஏன் இசட்ஷெல்லுக்கு மாத்தினாங்க?

லைசென்ஸ்தான் விஷயம். 2006இல் வெளியான பேஷ் 3.2 க்னுவின் ஜிபிஎல் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பில் இருந்தது. 2009இல் வந்த 4.0 முதல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. ஆப்பிள் அந்த லைசென்ஸ் உள்ளதை மேக்கோடு தருவதைத் தவிர்க்கிறது, அதனால் இன்றும் மேக்கோடு வருவது 3.2 வரிசைதான். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில், புதிய கணக்குகளுக்கு இயல்பு ஷெல்லாக இசட்ஷெல்லை வைத்தார்கள். அதன் லைசென்ஸ் எம்ஐடி பாணியில் தாராளமானது.

நடைமுறையில் உங்களைக் கடிக்கப்போவது இதுதான்: பெயர் வைத்து மதிப்பு சேமிக்கும் அசோசியேட்டிவ் அர்ரே, மேப்ஃபைல் கமாண்ட் எல்லாம் 4.0இல்தான் வந்தன. உபுண்டுவில் ஓடிய ஸ்கிரிப்ட் மேக்கில் விழுந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாகப் புதிய பேஷ் போட்டுக்கொண்டு, ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பேஷின் நேரடி முகவரிக்குப் பதில் 'என்வ்' வழியாக பேஷைக் கூப்பிட்டால் பாத்தில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் இருக்கிற புதியது ஓடும்.

பேஷ் ஸ்கிரிப்ட் அப்படியே இசட்ஷெல்ல ஓடுமா? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?

நிறைய ஓடும், அதனால்தான் ஓடாத இடத்தில் தலை சுற்றும். பேஷில் அர்ரேயின் முதல் எண் 0, இசட்ஷெல்லில் 1. மேற்கோள் குறி போடாத வேரியபிளுக்குள் ஸ்பேஸ் இருந்தால் பேஷ் அதைப் பல ஆர்க்யுமென்ட்டுகளாக உடைக்கும், இசட்ஷெல் உடைக்காது (இதில் இசட்ஷெல் செய்வதுதான் நியாயம் என்பேன்). நட்சத்திரக் குறிக்குப் பொருந்தும் ஃபைல் எதுவும் இல்லையென்றால் பேஷ் அந்தக் குறியையே அப்படியே அனுப்பிவிடும், இசட்ஷெல் "நோ மேட்சஸ் ஃபவுண்ட்" என்று நின்றுவிடும். பைத்தான் பிப்பில் சதுர அடைப்புக்குறியோடு பேக்கேஜ் பெயர் தரும்போதும், கேள்விக்குறி உள்ள யுஆர்எல்லை ஒட்டும்போதும் மேக்காரர்கள் மாட்டுவது இதில்தான். மேற்கோள் குறிக்குள் போட்டால் சரியாகிவிடும்.

முதல் வரியில் பேஷ் என்று எழுதிய ஸ்கிரிப்ட்டை அதன் பெயரைத் தட்டி ஓட்டினால், நீங்கள் உட்கார்ந்திருப்பது இசட்ஷெல்லாக இருந்தாலும் ஓட்டுவது பேஷ்தான். சோர்ஸ் செய்தால் மட்டும் தற்போதைய ஷெல்லே படிக்கும்.

பேஷ்னு போட்டு ஓட்டினா ஓடுது, எஸ்ஹெச்னு போட்டு ஓட்டினா சின்டாக்ஸ் எரர்!

எஸ்ஹெச் என்பது ஒரு குறிப்பிட்ட நிரல் அல்ல, அந்தக் கணினியில் அந்தப் பெயருக்கு யாரை நியமித்திருக்கிறார்களோ அவர். 2006இல் உபுண்டு 6.10 முதல் அந்த இடத்தில் டாஷ் இருக்கிறது, டெபியனும் பிறகு அதே வழிக்கு வந்தது. டாஷ் சின்னது, பேஷைவிட வேகமாகக் கிளம்பும். சிஸ்டம் பூட் ஆகும்போது நூற்றுக்கணக்கான சின்ன ஸ்கிரிப்ட்டுகள் ஓடிய காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால் இரட்டைச் சதுர அடைப்புக்குறிச் சோதனை, அர்ரே, சோர்ஸ் கமாண்ட் எதுவும் அதில் கிடையாது. அல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்களில் (நிரலைத் தேவையானவற்றோடு அடைத்துத் தனியாக ஓட்டும் பெட்டிகள்) பிஸிபாக்ஸின் ஆஷ் இருக்கும், பேஷ் தானாக வராது.

பேஷ் வசதி வேண்டும் என்றால் முதல் வரியில் பேஷ் என்று நேர்மையாக எழுதுங்கள். எஸ்ஹெச் என்று எழுதினால் பாசிக்ஸோடு நில்லுங்கள். ஷெல்செக் என்ற கருவி இதையெல்லாம் வரிவரியாகப் பிடித்துக் கொடுக்கும், இதுவரை போடவில்லை என்றால் இன்றே போடுங்கள்.

பவர்ஷெல்லும் இன்னொரு ஷெல்தானே, ஏன் இவ்வளவு வேற மாதிரி இருக்கு?

யூனிக்ஸில் ஏறக்குறைய எல்லா அமைப்பும் டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். அதனால் ஒரு நிரல் துப்பும் டெக்ஸ்ட்டை பைப் வழியாக இன்னொன்றுக்கு ஊட்டி, க்ரெப், ஆக் மாதிரி டெக்ஸ்ட் கருவிகளை வைத்து வெட்டிக்கொள்ளலாம். விண்டோஸில் விஷயங்கள் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புத் தரவுத்தளத்திலும் ஏபிஐகளுக்குப் பின்னாலும் இருக்கின்றன, வெட்டுவதற்கு டெக்ஸ்ட்டே இல்லை. ஜெஃப்ரி ஸ்னோவர் 2002இல் மொனாட் என்ற பெயரில் முன்வைத்த யோசனையில், பைப்புக்குள் டெக்ஸ்ட் போகாது, டாட்நெட் ஆப்ஜெக்ட்டுகள் போகும். ஓடும் ப்ராசஸ்களை வரிசைப்படுத்த எத்தனையாவது பத்தியில் மெமரி இருக்கிறது என்று எண்ண வேண்டாம், பண்பின் பெயரைச் சொன்னால் போதும். 2016இல் ஓப்பன் சோர்ஸ் ஆகி லினக்ஸ், மேக்குக்கும் வந்தது.

கவனிக்க வேண்டியது: விண்டோஸோடு வருவது இன்னமும் 5.1. பவர்ஷெல் 7 தனியாகப் போட வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நிரல் பெயரும் வேறு. 5.1இல் > குறி போட்டு ஃபைலில் எழுதினால் யுடிஎஃப்-16இல் எழுதும், 7இல் யுடிஎஃப்-8. "என் ஜேசான் ஃபைலை லினக்ஸ் படிக்க மாட்டேங்குது" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருந்திருக்கிறது. && என்று இரண்டு கமாண்டுகளை இணைப்பதும் 7இல்தான் வந்தது.

பவர்ஷெல்ல கர்ல் அடிச்சா சம்பந்தமே இல்லாத எரர் வருதே?

5.1ஆக இருக்கும். அதில் கர்ல், டபிள்யுகெட் (இணையத்திலிருந்து ஃபைல் இறக்கும் கருவிகளின் பெயர்கள்) இரண்டும் பவர்ஷெல்லின் சொந்தக் கமாண்ட் ஒன்றுக்கு வைத்த புனைபெயர்கள். உண்மையான கர்லின் ஆப்ஷன்கள் அதற்குப் புரியாது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு முதல் நிஜ கர்லும் கூடவே வருகிறது, பெயருக்குப் பின்னால் .இஎக்ஸ்இ சேர்த்துத் தட்டினால் அது ஓடும். 6ஆம் பதிப்பிலிருந்து அந்தப் புனைபெயர்களை எடுத்துவிட்டார்கள்.

விண்டோஸ்ல ஒற்றை மேற்கோள் வேலை செய்யலை, நட்சத்திரக் குறியும் சில நிரல்ல மட்டும்தான் வேலை செய்யுது. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் நட்சத்திரம் போட்டால் அதற்குப் பொருந்தும் ஃபைல் பெயர்களை ஷெல்லே விரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஆர்க்யுமென்ட்டாக வரிசையில் வைத்துக் கர்னலிடம் கொடுக்கும். நிரல் நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. விண்டோஸில் நிரலுக்குப் போய்ச் சேர்வது முழு வரியும் ஒரே நீளச் சரமாக. அதை எங்கே வெட்டுவது, நட்சத்திரத்தை என்ன செய்வது என்பதெல்லாம் அந்த நிரலின் (பெரும்பாலும் அதோடு சேர்ந்த சி ரன்டைமின்) பொறுப்பு. அதனால் ஒரு நிரல் விரிக்கும், இன்னொன்று "நட்சத்திரம் என்ற பெயரில் ஃபைல் இல்லை" என்று சொல்லும்.

ஒற்றை மேற்கோளும் இதே கதை. சிஎம்டிக்கு அது வெறும் எழுத்து. கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்தியை 'முதல் கமிட்' என்று ஒற்றை மேற்கோளில் கொடுத்தால், கிட்டுக்குப் போவது 'முதல் என்று ஒரு துண்டு, கமிட்' என்று ஒரு துண்டு. அப்புறம் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று அது புலம்பும். மூன்று இடத்திலும் ஓட வேண்டிய கமாண்டில் இரட்டை மேற்கோளையே போடுங்கள்.

நீள வரம்பும் இங்கிருந்துதான் வருகிறது. சிஎம்டியில் ஒரு வரி 8191 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, விண்டோஸில் ஒரு ப்ராசஸைக் கிளப்பும் சரத்துக்கே 32,767தான் உச்சம். நூற்றுக்கணக்கான ஆப்ஜெக்ட் ஃபைல்களை லிங்க்கருக்குக் கொடுக்கும் பில்டு கருவிகள் பெயர்களை ஒரு ரெஸ்பான்ஸ் ஃபைலில் எழுதி, @ போட்டு அந்த ஃபைலைக் கொடுப்பது இதனால்தான்.

"பேட் இன்டர்ப்ரெட்டர்"னு சொல்லி ^ குறியோட ஏதோ எழுத்து காட்டுது, ஆனா பேஷ் இருக்கே!

விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு எழுத்துகள், சிஆர்எல்எஃப். லினக்ஸில் ஒன்று, எல்எஃப். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்ட்டின் முதல் வரியைப் படிக்கும் லினக்ஸ் கர்னல், பேஷ் என்ற பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிஆர் எழுத்தையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு அப்படி ஒரு நிரலைத் தேடுகிறது.

ஒவ்வொருவரின் கிட் அமைப்பையும் நம்பியிருக்க வேண்டாம். கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலை ரெப்போவில் வைத்து, ஷெல் ஸ்கிரிப்ட்டுகளுக்கு எப்போதும் எல்எஃப், பேட்ச் ஃபைல்களுக்கு (சிஎம்டி படிக்கும் ஸ்கிரிப்ட்டுகள்) எப்போதும் சிஆர்எல்எஃப் என்று எழுதிவிடுங்கள். பேட்ச் ஃபைல் எல்எஃப்பில் இருந்தால் லேபிள் தேடித் தாவும் இடங்களில் சிஎம்டி தடுமாறக்கூடும். கூடவே இன்னொன்று: ஸ்கிரிப்ட்டை ஓட்ட அனுமதிக்கும் எக்ஸிக்யூட் பிட் விண்டோஸ் ஃபைல்சிஸ்டத்தில் இல்லை. அங்கிருந்து புதிய ஸ்கிரிப்ட்டைச் சேர்ப்பவர் கிட்டிடம் தனியாகச் சொல்லி அந்தப் பிட்டை வைக்க வேண்டும்.

மேக்ல பில்டு ஆகுது, சர்வர்ல "ஃபைல் இல்லை"ங்குது. ஃபைல் கண் முன்னாடி இருக்கு!

பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். மேக்கின் ஏபிஎஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டங்கள் இரண்டும் வழக்கமான அமைப்பில் பெயரை எழுதியபடி நினைவில் வைத்துக்கொள்ளும், தேடும்போது வேறுபாடு பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். எதிர்த் திசையிலும் அடி விழும். லினக்ஸ் கர்னல் சோர்ஸிலேயே நெட்ஃபில்டர் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தில் மட்டும் பெயர் வேறுபடும் ஹெடர் ஃபைல்கள் உண்டு, விண்டோஸில் க்ளோன் செய்தால் ஒன்று மற்றதன் மேல் உட்கார்ந்துவிடும். எங்கள் விதி: ஃபைல் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து, ஸ்பேஸ் கிடையாது, கோலன் கிடையாது.

டெர்மினல்ல அந்தக் கமாண்ட் ஓடுது, எடிட்டர்ல இருந்து ஓட்டினா "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". எரிச்சலா இருக்கு.

பாத் என்பது ஒவ்வொரு ப்ராசஸும் தன்னைக் கிளப்பியவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஒரு பட்டியல். நீங்கள் இசட்ஷெல்லின் ஆர்சி ஃபைலில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்) பாத்தை மாற்றினால் அதைப் படிப்பது இசட்ஷெல் மட்டுமே. மேக்கில் டாக்கிலிருந்து திறந்த எடிட்டரைக் கிளப்பியது ஷெல் அல்ல, அதனால் அதற்கு உங்கள் மாற்றம் தெரியாது. டெர்மினலிலிருந்தே எடிட்டரைத் திறந்து பாருங்கள். அப்போது ஓடினால் காரணம் இதுதான்.

பேஷில் இன்னொரு சிக்கல்: லாகின் ஷெல் படிப்பது ப்ரொஃபைல் ஃபைலை, சாதாரணமாகத் திறந்த ஷெல் படிப்பது ஆர்சி ஃபைலை. மேக் டெர்மினல் ஒவ்வொரு விண்டோவையும் லாகினாகத் திறக்கும், லினக்ஸ் டெர்மினல்கள் பொதுவாக அப்படித் திறப்பதில்லை. விண்டோஸில் பாத் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது, மாற்றியபின் ஏற்கெனவே திறந்திருந்த விண்டோவுக்குத் தெரியாது, மூடித் திறக்க வேண்டும். செட்எக்ஸ் கமாண்ட் வைத்து பாத்தை நீட்டாதீர்கள், 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். பிரிக்கும் குறியும் வேறு: யூனிக்ஸில் கோலன், விண்டோஸில் செமிகோலன், ஏனென்றால் அங்கே கோலனை டிரைவ் எழுத்து எடுத்துக்கொண்டது.

செட் கமாண்ட் மேக்ல மட்டும் ஏன் முரண்டு பிடிக்குது?

டெக்ஸ்ட்டைத் திருத்தும் செட்டில் (sed), ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்தும் ஆப்ஷன்தானே? லினக்ஸில் இருப்பது க்னு எழுதிய செட், மேக்கில் பிஎஸ்டி வழி வந்தது. பிஎஸ்டி செட் அந்த ஆப்ஷனுக்குப் பின்னால் பேக்கப் ஃபைலின் பின்னொட்டைக் கட்டாயம் எதிர்பார்க்கும். ஆப்ஷனோடு இடைவெளி இல்லாமல் .பேக் என்று ஒட்டி எழுதினால் இரண்டிலும் ஓடும், அப்புறம் அந்தப் பேக்கப்பை அழித்துவிடலாம். தேதிக் கணக்குப் போடும் டேட் கமாண்ட், க்ரெப்பின் பெர்ல் பாணி ஆப்ஷன் எல்லாம் இதே ரகம். எக்கோவும் ஷெல்லுக்கு ஷெல் மாறும், பிரின்ட்எஃப் போடுங்கள்.

பேக்கேஜ்.ஜேசான்ல எழுதின ஸ்கிரிப்ட் விண்டோஸ் ஆளுங்களுக்கு மட்டும் உடையுது.

என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடின் பேக்கேஜ் கருவி) அந்த வரியை லினக்ஸ், மேக்கில் எஸ்ஹெச்சிடமும் விண்டோஸில் சிஎம்டியிடமும் கொடுக்கிறது. நீங்கள் பவர்ஷெல்லிலோ கிட் பேஷிலோ உட்கார்ந்து தட்டினாலும் அப்படித்தான். கமாண்டுக்கு முன்னால் வேரியபிள்=மதிப்பு என்று வைப்பது சிஎம்டிக்குப் புரியாது, ஃபைலை அழிக்கும் ஆர்எம் என்ற கமாண்டும் அங்கே இல்லை. கிராஸ்-என்வ், ரிம்ராஃப் மாதிரிப் பேக்கேஜ்கள் இதற்காகவே உள்ளன. அதைவிட, ஒரு வரிக்கு மேல் போகிற எதையும் சின்ன நோட் ஸ்கிரிப்ட்டாக எழுதிவிடுவதே எனக்குப் பிடித்த வழி. சிமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஃபைல் நகலெடுக்க, அழிக்க, ஃபோல்டர் உருவாக்க அதிலேயே பொதுக் கமாண்டுகள் இருக்கின்றன, ஷெல்லைத் தொடவே வேண்டாம்.

தமிழ்ல ஃபைல் பெயர் வைக்கலாமா? தமிழ் டெக்ஸ்ட்டை ஷெல் சரியா எண்ணுமா?

வைக்கலாம், தெரிந்து வையுங்கள். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். டபிள்யுசி கமாண்டிடம் பைட் கேட்டால் 15, கேரக்டர் கேட்டால் 5 என்று சொல்லும், 3 என்று சொல்லவே சொல்லாது. லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) சி என்று அமைந்த கன்டெய்னரில் பேஷிடம் வேரியபிளின் நீளம் கேட்டால் 15 வரும், உங்கள் மடிக்கணினியில் அதே ஸ்கிரிப்ட் 5 சொல்லும்.

இன்னும் நுணுக்கமானது ஒன்று. 'கொடி'யில் வரும் கொ-வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிகோடுபடி இரண்டும் சமம், திரையிலும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் லினக்ஸும் என்டிஎஃப்எஸ்ஸும் அவற்றை இரண்டு வேறு ஃபைல் பெயர்களாக எடுத்துக்கொள்ளும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. ஏபிஎஃப்எஸ் எழுதியபடி சேமித்து, தேடும்போது சமமாக நடத்துகிறது. கிட்டில் இதற்கென்றே மேக்குக்கான அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தால் பேய் பிசாசு இல்லை, இதுதான்.

விண்டோஸ்ல டபிள்யுஎஸ்எல் போடவா, கிட் பேஷ் போதுமா? சிக்வின்னு வேற சொல்றாங்க.

டபிள்யுஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பு விண்டோஸுக்குள் ஓடும் நிஜ லினக்ஸ் கர்னல். லினக்ஸ் சர்வருக்காக எழுதுகிறீர்கள் என்றால் அதைப் போடுங்கள், சோர்ஸ் ஃபைல்களை லினக்ஸ் பக்க ஃபைல்சிஸ்டத்திலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்து அங்கிருந்து தொட்டால் ஆமை வேகம்தான். ஆனால் அதற்குள் நீங்கள் சோதிப்பது லினக்ஸை, விண்டோஸை அல்ல. விண்டோஸ் பயனர்களுக்கும் மென்பொருள் தருகிறீர்கள் என்றால் இதை மறக்கக் கூடாது.

1990களிலிருந்து இருக்கும் சிக்வின், விண்டோஸ் நிரலுக்கு யூனிக்ஸ் மாதிரித் தோன்றும் ஒரு அடுக்கைக் கொடுக்கிறது. அதன் வழிவந்தது எம்சிஸ்2, அதன் வழிவந்தது கிட் பேஷ். யூனிக்ஸில் ஷெல் ஒவ்வொரு கமாண்டுக்கும் தன்னையே ஃபோர்க் செய்துகொள்ளும், அதாவது தன் நகல் ஒன்றைக் கிளப்பும். விண்டோஸில் அதற்கு நேரான வசதி இல்லாததால் போலச் செய்ய வேண்டியிருக்கிறது, அது மெதுவானது. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அங்கே இழுஇழு என்று இழுப்பது இதனால்தான்.

கிட் பேஷ்ல டாக்கருக்கு ஃபோல்டர் பாத் கொடுத்தா அதை ஏதோ சி டிரைவ் பாத்தா மாத்திடுது!

அது உதவி செய்வதாக நினைத்துக்கொள்கிறது. / குறியில் தொடங்கும் ஆர்க்யுமென்ட்டை விண்டோஸ் நிரலுக்கு அனுப்பும்போது, இது யூனிக்ஸ் பாத் என்று ஊகித்து விண்டோஸ் பாத்தாக மாற்றுகிறது. டாக்கர் ஓட்டும் கன்டெய்னருக்கு உள்ளே இருக்கும் பாத்துக்கு இது நாசம். அந்தக் கமாண்டுக்கு மட்டும் எம்சிஸ்_நோ_பாத்கான்வ் வேரியபிளை 1 என்று வைத்தால் மாற்றாது. தொடக்கத்தில் // என்று இரண்டு போட்டாலும் பல சமயம் தப்பிக்கலாம்.

நடுவுல எரர் வந்தும் ஸ்கிரிப்ட் நிக்காம ஓடி "வெற்றி"ன்னு முடியுது. செட் -ஈ போட்டிருக்கேனே?

ஷெல்லின் செட்டா (set)? (மேலே வந்த திருத்தும் செட் வேறு.) கமாண்ட் தோற்றால் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் அந்த ஆப்ஷன் பைப்பின் கடைசிக் கமாண்டை மட்டுமே பார்க்கும், இஃப் நிபந்தனைக்குள் ஓடுவதைக் கண்டுகொள்ளாது, லோக்கல் என்று அறிவித்து அதே வரியில் ஒரு கமாண்டின் விடையை வைத்தால் அதன் தோல்வியை விழுங்கிவிடும். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் ஆப்ஷனையும் சேருங்கள். 2024 பாசிக்ஸில்தான் அது தரநிலைக்குள் வந்தது, எல்லா எஸ்ஹெச்சிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (பில்டு, சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவை) லினக்ஸ் பக்கம் ஷெல் பெயரைச் சொல்லாமல் விட்டால் பைப்ஃபெயில் இல்லாத பேஷ் ஓடும், பேஷ் என்று எழுதினால் அதோடு ஓடும். விண்டோஸ் பக்கம் இயல்பு பவர்ஷெல் 7, அதிலும் பேஷ் என்று கேட்கலாம். நாங்கள் மூன்றுக்கும் பேஷ் என்றே எழுதிவிடுகிறோம்.

செட்டின் யு ஆப்ஷனையும் விடாதீர்கள். மதிப்பு வைக்காத வேரியபிளைத் தொட்டால் நிறுத்திவிடும். கேம் தளமான ஸ்டீமின் லினக்ஸ் ஸ்கிரிப்ட்டில் 2015 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த பிழை நினைவிருக்கலாம்: ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய வேரியபிள் காலியாகிவிட, அதற்குப் பின்னால் இருந்த /* மட்டும் ஆர்எம்முக்குப் போய், பயனர்களின் சொந்த ஃபைல்கள் அழிந்தன. அங்கே வேரியபிள் வைக்கப்பட்டுக் காலியாக இருந்ததால் யு ஆப்ஷன் மட்டும் போதாது. காலியாக இருந்தாலும் நிறுத்தும் :? வடிவத்தை ஆர்எம் வரிகளில் போடுங்கள்.

பேட்ச் ஃபைல்ல என்பிஎம் இன்ஸ்டாலுக்கு அடுத்த வரிகள் ஓடவே மாட்டேங்குது. எரரும் இல்லை.

விண்டோஸில் என்பிஎம் என்பதே ஒரு பேட்ச் ஃபைல். பேட்ச் ஃபைலுக்குள்ளிருந்து இன்னொரு பேட்ச் ஃபைலை வெறுமனே பெயர் சொல்லி அழைத்தால் கட்டுப்பாடு அங்கே போய்விடும், திரும்பி வராது. முன்னால் கால் (call) என்று போடுங்கள்.

இவ்வளவு தலைவலிக்கு எல்லாத்தையும் பைத்தான்லயே எழுதிடலாமே?

பாதிக்கு மேல் சரிதான். இருபது முப்பது வரியைத் தாண்டினாலோ, அர்ரே, ஜேசான், எரர் கையாளல் தேவைப்பட்டாலோ நானும் மாறிவிடுவேன். ஆர்க்யுமென்ட்டுகளை லிஸ்ட்டாகக் கொடுத்து நேரடியாக நிரலைக் கிளப்பினால் இடையில் ஷெல்லே இல்லை. ஷெல்=ட்ரூ என்று போட்டால் பழைய கதை திரும்பும், லினக்ஸில் எஸ்ஹெச், விண்டோஸில் சிஎம்டி.

லிஸ்ட்டாகக் கொடுத்தாலும் விண்டோஸில் ஒரு ஓட்டை உண்டு. மேலே சொன்னபடி என்பிஎம் மாதிரிக் கருவிகள் அங்கே பேட்ச் ஃபைல்கள், பேட்ச் ஃபைலைக் கிளப்பினால் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஎம்டியை நடுவில் கொண்டுவந்து வைக்கும். மேற்கோளைப் பற்றி சிஎம்டிக்கு இருக்கும் விதி மற்ற நிரல்களின் விதி அல்ல, அதனால் வெளியாரிடமிருந்து வரும் ஆர்க்யுமென்ட்டுக்குள் இன்னொரு கமாண்டை ஒளித்து ஓட்டிவிட முடிந்தது. இந்த ஓட்டை பல நிரல்மொழிகளில் இருப்பது 2024 ஏப்ரலில் ஒரே நேரத்தில் வெளியானது. ரஸ்ட் 1.77.2இல் பாதுகாப்பாக எஸ்கேப் செய்ய முடியாத ஆர்க்யுமென்ட்டை மறுக்க ஆரம்பித்தது. நோட், ஷெல் ஆப்ஷன் இல்லாமல் பேட்ச் ஃபைலைக் கிளப்பினாலே எரர் தருகிறது. "நோடை அப்டேட் செய்ததும் விண்டோஸில் மட்டும் ஸ்பான் உடைந்துவிட்டது" என்று யாராவது கேட்டால் காரணம் அந்த மாற்றம்தான். ஷெல் ஆப்ஷனைப் போட்டுச் சரிசெய்தால், வெளியிலிருந்து வரும் எதையும் அந்த வரிக்குள் விடாதீர்கள். பேட்ச் ஃபைலை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் ஜேஎஸ் ஃபைலை நோடிடம் நேரடியாகக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.